கார் எழுந்து நின்றால்...?

(இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன்)



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். "ட்ரான்ஸ்ஃபார்மர் பற்றி எழுதுகிறேன்" என்றேன். மலர்க்குழு நண்பன் ஒருவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏன்டா, அது ட்ரிபிள்‑ஈ பசங்க சமாச்சாரமாச்சே. மெக்கானிக்கல்காரனுக்கு அங்க என்ன வேலை?" என்றான். இதே குழப்பம் எங்கள் ஊர்க் கொல்லையிலும் ஒருமுறை நடந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் சொல்வது மின்சார வாரியத்து ட்ரான்ஸ்ஃபார்மர் அல்ல. காராக ஓடி வந்து, சடசடவென்று மடிந்து விரிந்து, இரண்டு கால் மனுஷனாக எழுந்து நிற்குமே, அந்த ரோபோ! ஜப்பானின் தகாரா கம்பெனி செய்துகொண்டிருந்த பொம்மைகளை 1984‑ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி 'ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்று பெயர் வைத்து விற்க ஆரம்பித்தது. 2007‑ல் அது பெரிய படமாக வந்தது. நம்மாளுங்களும் சும்மா இருக்கவில்லை. 2010‑ல் 'எந்திரன்' கடைசிக் காட்சியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பந்தாக உருண்டதையும் பாம்பாக நெளிந்ததையும் பார்த்து வாய் பிளக்காதவர் யார்?

அந்த வாய் பிளந்த கூட்டத்தில் ஒருவன்தான் நான். பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்றே, 'இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு இதைத்தான் செய்வது' என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். இந்த வருஷம் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து செய்தும் பார்த்தோம். ஆகவே இது ஏட்டுச் சுரைக்காய்க் கட்டுரை இல்லை. கையைச் சுட்டுக்கொண்டவன் எழுதுவது. (நிஜமாகவே சுட்டுக்கொண்டேன். சால்டரிங் அயர்ன்!)

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியாக மாறும் ரோபோவைச் செய்ய முடியும். முடியாது என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஆனால் சினிமாவில் வருகிற மாதிரி செய்வதில் எனக்கு இப்போது ஆசை போய்விட்டது. ஏன் போனது என்பதுதான் கதை.

நாங்கள் நினைத்தது ஒரு சின்ன மாடல். நீளம் ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல். கீழே நாலு சக்கரம், மேலே பாதி உடம்பு. கார் மாதிரி ஓடிவந்து நின்றதும் மேல் பாதி இடுப்பிலிருந்து நிமிர வேண்டும். அவ்வளவுதான். கை கால் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். அலுமினியம் 'எல்' ஆங்கிளை அறுத்துச் சட்டம் செய்தோம். இடுப்பு மூட்டுக்கு எம்ஜி996 செர்வோ ஒன்று போட்டோம். அதன் டார்க் 6 வோல்ட்டில் 11 கிலோ‑சென்டிமீட்டர் என்று போட்டிருந்தது. அடேயப்பா, பதினொரு கிலோ என்று சந்தோஷப்பட்டோம்.

மேல் பாதியின் எடை 1.2 கிலோ. அதன் புவியீர்ப்பு மையம் இடுப்பிலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. பெருக்கிப் பாருங்கள், 14.4 வருகிறது. இருப்பது 11. இரண்டாம் ஆண்டில் மெஷின் பாடத்தில் பக்கம் பக்கமாக டார்க் கணக்குப் போட்டவர்கள் நாங்கள். ஆனால் மோட்டார் வாங்குவதற்கு முன்னால் இந்த ஒரு வரிக் கணக்கைப் போட ஐந்து பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை! செர்வோ 'ம்ம்ம்' என்று முனகிற்று, சூடேறிற்று, நின்றது.

சரி, இரண்டு செர்வோ போடுவோம் என்றான் நண்பன். போட்டோம். நிமிர்ந்தது. கைதட்டி முடிப்பதற்குள் பொத்தென்று விழுந்தது. இரண்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் கரண்ட்டை இழுத்ததும் பாட்டரி வோல்டேஜ் இறங்கி, ஆர்டுவினோ போர்டு தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டது. பெரிய பாட்டரி வைத்தால் எடை கூடும். எடை கூடினால் மோட்டார் போதாது. மோட்டாரைக் கூட்டினால் பாட்டரி போதாது. நாய் தன் வாலைத் துரத்துகிற கதை. வண்டியாக மாறும் ரோபோவின் மொத்தப் பிரச்சினையும் இந்த ஒரு சுற்றுக்குள் இருக்கிறது என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

வழி காட்டியவர் எங்கள் வொர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டர். "ஏம்ப்பா, லாரிக்கு டயர் மாத்துறவன் பத்து டன் வண்டியைத் தனியாளாத் தூக்குறானே, அவன் என்ன பயில்வானா?" என்று கேட்டார். ஜாக்கி! அன்றைக்குச் சாயங்காலமே பழைய இரும்புக் கடையில் கார் வைப்பர் மோட்டார் ஒன்று வாங்கினோம். உள்ளே வார்ம் கியர் இருக்கும். அதோடு எம்8 மரைக் கம்பி ஒன்றைக் கோத்து, நட்டு முன்னே போகப்போக மேல் பாதி நிமிர்கிற மாதிரி அமைத்தோம். மோட்டாரை நிறுத்தினாலும் மரை தானாகத் திரும்பாது. ஆகவே நிமிர்ந்தது நிமிர்ந்தபடியே நிற்கும், கரண்ட் செலவு கிடையாது.

ஆனால் நேரம்? எம்8 மரையின் பிட்ச் 1.25 மில்லிமீட்டர். நட்டு 100 மில்லிமீட்டர் நகர வேண்டும். 80 சுற்று. மோட்டார் நிமிஷத்துக்கு 50 சுற்று. ஆக 96 விநாடி! சினிமாவில் மூன்று விநாடியில் எழுந்து சண்டை போடுகிறான். எங்களுடைய ஆள் எழுந்து நிற்பதற்குள் எதிரி டீ குடித்துவிட்டு வந்துவிடுவான்.

கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பெரிய பெரிய ஆட்கள் செய்ததைப் படித்தபோது வெட்கம் போய்விட்டது. 2018‑ல் ஜப்பானில் பிரேவ் ரோபோட்டிக்ஸ், அஸ்ராடெக், சன்செய் என்ற மூன்று கம்பெனிகள் சேர்ந்து 'ஜே‑டைட் ரைடு' என்று ஒன்றை வெளியிட்டார்கள். நிஜமாகவே இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்து போகலாம். காராக மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும். எழுந்து நின்றால் 3.7 மீட்டர் உயரம். ஆகவே 'நடக்காத காரியம்' என்று இனி யாரும் சொல்ல முடியாது. அது உருமாற எவ்வளவு நேரம் ஆகிறது தெரியுமா? ஏறக்குறைய ஒரு நிமிஷம்! ஜப்பான்காரனைவிட நாங்கள் அரை நிமிஷம்தான் அதிகம். (எங்களுடையது ஒரு அடி உயரம் என்பதை இந்த இடத்தில் ஞாபகப்படுத்த மாட்டேன்.)

அவர்களுக்கும் ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் கிலோ உடம்பை ஒரு மீட்டர் மேலே தூக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிஷத்தில் தூக்க 163 வாட் போதும். நம் வீட்டு மிக்ஸி மோட்டாரே இதைவிடப் பெரிசு. இரண்டே விநாடியில் தூக்க 4,900 வாட் வேண்டும். இதுகூடப் பயப்படும் அளவு இல்லை. பயம் டார்க்கில்தான் இருக்கிறது. முட்டியை மடக்கி உட்கார்ந்த நிலையில் அந்த ஆயிரம் கிலோ முட்டிக்கு அரை மீட்டர் தள்ளித் தொங்கினால், இரண்டு முட்டியும் சேர்ந்து 4,900 நியூட்டன்‑மீட்டர் தாங்க வேண்டும். ஒரு சின்னக் காரின் எஞ்சின் தருவது 60, 70 நியூட்டன்‑மீட்டர்தான். கியர் வைத்துக் கூட்டலாம், தப்பில்லை. ஆனால் எத்தனை மடங்கு டார்க்கைக் கூட்டுகிறோமோ அத்தனை மடங்கு வேகம் குறையும். இந்தக் கடையில் இனாம் கிடையாது.

பொம்மையில் சுலபமாக வருவது பெரிசில் ஏன் வராது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. 20 சென்டிமீட்டர் பொம்மையின் எடை 300 கிராம் என்று வையுங்கள். அதையே, அதே பொருளில், 4 மீட்டருக்குப் பெரிசாக்கினால் 20 மடங்கு உயரம். எடையோ 20 இன்ட்டு 20 இன்ட்டு 20, அதாவது 8,000 மடங்கு, 2,400 கிலோ. ஆனால் அதைத் தாங்கும் காலின் குறுக்கு வெட்டுப் பரப்பு 400 மடங்குதான் கூடும். ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் 20 மடங்கு அதிகமாகத் தாங்க வேண்டும். எறும்பு தன்னைவிடப் பெரிய அரிசியைத் தூக்கும், யானை இன்னொரு யானையைத் தூக்காது. அதே சமாச்சாரம்தான். 2021‑ல் ரோபோசன் என்ற கம்பெனி 27 செர்வோ மோட்டார் வைத்துத் தானாகவே லாரியாக மாறும் பொம்மை ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அருமையாக மாறும். அது மேஜை மேல் நிற்கிற அளவில் இருப்பதால் மாறுகிறது.

துருக்கியில் 2016‑ல் ஒரு கூட்டத்தார் நிஜ பி.எம்.டபிள்யூ காரையே எழுந்து நிற்க வைத்தார்கள். 'லெட்ரான்ஸ்' என்று பெயர். கதவு விரியும், கை அசையும், தலை திரும்பும். பிரமாதம்! ஆனால் ஒரு அடி நடக்காது. நம் கார் ஒன்றின் உறுதி, தகடுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து வெல்டு அடித்த ஒரே கூட்டில் இருக்கிறது. அதை இருபது இடத்தில் அறுத்து, இருபது இடத்தில் கீல் வைத்தால், ஒவ்வொரு கீலிலும் ஒரு தேய்மானம், ஒரு ஆட்டம். ரோபோவாக இருக்கும்போது சக்கரம் வெறும் சுமை. காராக இருக்கும்போது கை, கால், முட்டி மோட்டார் எல்லாம் வெறும் சுமை. இரண்டு வேலைக்கும் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு நேரத்தில் ஒரு வேலையை, அதையும் அரைகுறையாகச் செய்யும் ஆள் மாதிரி.

இதையெல்லாம் நான் தெளிந்து எழுதுவதாக நினைக்காதீர்கள். இரண்டாவது ரிவ்யூவில் எங்கள் மாடல் 96 விநாடியில் அழகாக எழுந்து நின்றது. வகுப்பே விசில் அடித்தது. ஹெச்.ஓ.டி. சார் முழுசாகப் பொறுமையாகப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நல்லா இருக்குப்பா. எழுந்து நின்னுட்டு இது என்ன செய்யும்?"

ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 'நிக்கும் சார்' என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்போது அந்தக் கொல்லைக் கதைக்கு வருகிறேன். ரிவ்யூ முடிந்து அந்தக் கடுப்போடு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் கொல்லையில் போர் போட ரிக் வண்டி வந்திருந்தது. நம்ம மாவட்டத்தில் ரிக் வண்டி பார்க்காதவர் யாரும் இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் நான் அதைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ரோட்டில் வரும்போது சாதாரண லாரி. முதுகின் மேல் நீளமான இரும்புக் கோபுரம் படுத்தபடி வரும். பாயிண்ட்டில் வந்து நின்றதும் நாலு பக்கமும் ஹைட்ராலிக் ஜாக் இறங்கி வண்டியையே மட்டமாகத் தூக்கி நிறுத்துகிறது. அப்புறம் படுத்திருந்த கோபுரம் மெதுவாக எழுந்து நட்ட குத்தலாக நிற்கிறது. அடுத்த சில நிமிஷத்தில் அது லாரியே இல்லை, பூமியைத் துளைக்கும் ஒரு பூதம்!

நான் உற்சாகம் தாங்காமல் ஆபரேட்டரிடம், "அண்ணே, இதுதாண்ணே நிஜமான ட்ரான்ஸ்ஃபார்மர்!" என்றேன். அவர் கம்ப்ரசர் சத்தத்துக்கு மேல் கத்தினார்: "ட்ரான்ஸ்பார்மர் அந்தா, பனை மரத்துக்குப் பக்கத்துல இருக்கு தம்பி! கரண்ட் போயிருச்சா?"

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் நான் சொன்னது சரிதான். அந்தக் கோபுரத்தை எழுப்பும் சிலிண்டரை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 100 மில்லிமீட்டர் விட்டம், 150 பார் அழுத்தம் என்றால் ஏறக்குறைய 12 டன் தள்ளு விசை. திருச்செங்கோட்டுக்காரர்களின் ரிக் வண்டி இந்தியா பூராவும் ஓடுகிறது. அவர்கள் யாரும் 'உருமாறும் எந்திரம்' செய்கிறோம் என்று விளம்பரம் செய்ததில்லை. கோபுரத்தோடு பாலத்துக்கடியில் போக முடியாது, கோபுரம் இல்லாமல் துளை போட முடியாது. அதனால் மடிக்கிறார்கள், விரிக்கிறார்கள். ஹெச்.ஓ.டி. சார் கேள்விக்கு ரிக் வண்டியிடம் பதில் இருக்கிறது.

அப்படிப் பார்க்க ஆரம்பித்தால் கண்ணில் படுவதெல்லாம் ட்ரான்ஸ்ஃபார்மர்தான். டிராக்டரை எடுங்கள். காலையில் கலப்பை, மத்தியானம் டிரெய்லர், தேவைப்பட்டால் டோசர். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டிராக்டர் தேவையில்லாத உறுப்பைச் சுமந்துகொண்டு திரிவதில்லை, வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகிறது. 2024 ஜனவரியில் ஹீரோ மோட்டோகார்ப் காட்டிய 'சர்ஜ் எஸ்32' வண்டியும் இதே புத்திதான். சரக்கு ஏற்றும் மூன்று சக்கர எலெக்ட்ரிக் வண்டி. முன்னால் இருக்கும் பாகத்தைக் கழற்றினால் அது தனி ஸ்கூட்டர்! மூன்று நிமிஷத்தில் மாற்றிவிடலாம் என்கிறார்கள். சரக்குப் பெட்டி கடையில் நிற்கும், முதலாளி ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போவார். எந்தச் சினிமாக் கதாநாயகனும் தன் பாதி உடம்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போவதில்லை. அதனால்தான் அவன் சினிமாவில் இருக்கிறான்.

இனி கொஞ்சம் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறேன்.

உருமாறும் எந்திரம் வேண்டுமே வேண்டும் என்று கதற வேண்டிய இடங்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. செப்டிக் டாங்க் மூடியைப் பார்த்திருக்கிறீர்களா? வாய் இரண்டடி இருந்தால் பெரிசு. உள்ளே ஒரு அறை அளவு. அடியில் கெட்டிப்பட்ட கசடு, மேலே ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும். மனிதக் கழிவை மனிதன் அள்ளக்கூடாது என்று 1993‑லும் சட்டம் போட்டார்கள், 2013‑லும் சட்டம் போட்டார்கள். அதற்குப் பிறகும் ஆள் இறங்கி, மயங்கி, அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து செத்துப்போன செய்தி தமிழ்நாட்டுப் பேப்பரில் வந்துகொண்டுதான் இருக்கிறது. வாய் சின்னது, வயிறு பெரிசு. சின்ன எந்திரம் போனால் உள்ளே ஒன்றும் கலங்காது, பெரிய எந்திரம் போகவே போகாது. அப்படியானால்?

சென்னை ஐ.ஐ.டி.காரர்கள் இதற்குச் செய்ததுதான் 'ஹோமோசெப்'. 2022‑ல் தமிழ்நாட்டில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மடக்கின குடை மாதிரி வாய் வழியாக உள்ளே போகிறது. போனதும் அதன் அலகுகள் தலைகீழ்க் குடை மாதிரி விரிகின்றன. சுழன்று கெட்டிக் கசடைக் கரைக்கின்றன. பிறகு உறிஞ்சி எடுத்துவிடலாம். ஆள் இறங்க வேண்டியதில்லை. இதை ஒரு டிராக்டரின் பின்னால் பொருத்தி ஊர் ஊராகக் கொண்டுபோகலாம். பாருங்கள் தோழர்களே, ரோபோ உண்டு, வண்டி உண்டு, உருமாற்றம் உண்டு! நான் ஆறாம் வகுப்பிலிருந்து கனவு கண்ட அத்தனையும் இருக்கிறது. தலையும் கண்ணும்தான் இல்லை. கேரளத்து இளைஞர்கள் செய்த 'பாண்டிகூட்' என்ற எந்திரமும், பெயருக்கு ஏற்ற பெருச்சாளி மாதிரி, சாக்கடை மேன்ஹோலுக்குள் இறங்கி வேலை செய்கிறது. 2018‑ல் திருவனந்தபுரத்தில் முதலில் இறக்கினார்கள்.

இன்னொன்று. எழுதவே கை வரவில்லை. ஆனால் நம்ம மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை எழுதாமல் விட முடியாது. 2019 அக்டோபர் 25, மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டி. நம்ம விராலிமலை எல்லையைத் தாண்டினால் மணப்பாறைச் சீமைதான். இரண்டு வயசுக் குழந்தை, மூடாமல் கிடந்த ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. தீபாவளி வந்து போயிற்று. யார் வீட்டிலும் டி.வி.யை அணைக்கவில்லை. ஒவ்வொரு குழுவாக வந்து ஒவ்வொரு கருவியாக இறக்கிப் பார்த்தார்கள். குழந்தை இன்னும் ஆழத்துக்குப் போனது. பக்கத்திலேயே இன்னொரு குழி தோண்டப் பெரிய ரிக் வண்டிகள் வந்தன. பாறை விடவில்லை. 29‑ம் தேதி விடியுமுன்னே எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றைக்கு முழுக்க 'ராக்கெட் விடுறோம், இதை எடுக்க முடியலையே' என்று எல்லோரும் பேசினார்கள். நானும் பேசினேன். இப்போது கொஞ்சம் வேலை தெரிந்தபிறகு அது எவ்வளவு கஷ்டம் என்று புரிகிறது. ஒரு சாண் அகலக் குழாய். அதற்குள் குழந்தை. குழந்தைக்கும் சுவருக்கும் இடையில் இருக்கும் இடைவெளி வழியாகப் போக வேண்டும், போனபிறகு விரிய வேண்டும், விரிந்தது மண்ணைச் சரிக்கக்கூடாது, குழந்தையை நசுக்கக்கூடாது, பிடி நழுவக்கூடாது. 14.4 கிலோ‑சென்டிமீட்டர் கணக்கு இங்கே தப்பினால் ரீசெட் பட்டன் கிடையாது.

முடியவே முடியாத காரியமும் இல்லை. மதுரை மணிகண்டன் என்பவர் இதற்கென்றே ஒரு ரோபோ செய்து வைத்திருந்தார். 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் பக்கம் போரில் விழுந்த மூன்று வயசுச் சிறுவனை அதை வைத்து உயிரோடு வெளியே எடுத்தார்கள். நடுக்காட்டுப்பட்டிக்கும் அவர் வந்தார். அங்கே அது பலிக்கவில்லை. ஒரு இடத்தில் ஜெயித்த கருவி இன்னொரு இடத்தில் ஏன் தோற்றது என்பதை உட்கார்ந்து ஆராய்வதற்கு நம் மாதிரி ஆட்களைவிட யாருக்கு நேரம் இருக்கிறது? துளையின் விட்டம், குழந்தை இருக்கும் நிலை, ஆழம், மண். இதில் எது மாறினாலும் எந்திரமும் தன் உருவத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உருமாறும் ரோபோவுக்கு இதைவிட ஒரு கடினமான பரீட்சை இருக்க முடியாது.

'ரோபோ எதற்கப்பா, கைவிட்ட போருக்கு ஒரு மூடி போட்டால் போதாதா?' என்று நீங்கள் கேட்டால், நூற்றுக்கு நூறு சரி. 2010‑லேயே சுப்ரீம் கோர்ட் இதற்கு வழிமுறை வகுத்துக் கொடுத்திருக்கிறது. ஒரு மூடி, நாலு போல்ட்டு. நம் வெல்டிங் ஷாப்பில் அரை மணி நேர வேலை. ரோபோவைப் பற்றி ஆயிரம் வார்த்தை எழுதுகிறவன் இந்த மூடியையும் சொல்லியாக வேண்டும்.

வெளிநாட்டுச் சங்கதி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கம்ப்யூட்டர் பசங்க கோபித்துக்கொள்வார்கள். 2023‑ல் அமெரிக்காவில் கால்டெக், நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 'எம்4' என்று ஒரு ரோபோ செய்தார்கள். ஆறு கிலோ எடை. சக்கரத்தில் ஓடும். மேடு வந்தால் சக்கரத்தையே கால் மாதிரி ஊன்றி நிமிரும். பள்ளம் வந்தால் அதே சக்கரத்தைப் படுக்க வைத்து விசிறியாக்கிப் பறக்கும்! ஒரே உறுப்புக்கு மூன்று உத்தியோகம். நான் முன்னே சொன்ன வெறும் சுமைத் தொல்லைக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி இது. கஜா புயலன்று, 2018 நவம்பர் 16‑ல், கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் ரோட்டை மறித்து விழுந்து கிடந்தபோது, இப்படி ஒன்று பறந்து போய் எந்த ஊரில் என்ன நிலவரம் என்று பார்த்து வந்திருந்தால் எவ்வளவு உபயோகம்! வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நம்மால் ஆகுமா என்று கேட்கிற தம்பிகளுக்கு ஒரு தகவல். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலாவில் இறங்கிய சந்திரயான்‑3 லேண்டருக்குள்ளே 26 கிலோ எடையுள்ள ரோவர் ஒன்று மடங்கி உட்கார்ந்து போனது. இறங்கியபிறகு சாய்வுப் பலகை விரிந்தது, சூரியத் தகடு விரிந்தது, ஆறு சக்கரத்தில் உருண்டது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேல், முதலில் படித்தது டிப்ளமோ மெக்கானிக்கல். நம்ம கோர்ஸ்!

ஆனால் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? கசப்பாகத்தான் இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். ப்ராஜெக்ட் சீசன் வந்ததும் ரெடிமேட் ப்ராஜெக்ட் விற்கும் கடைக்குப் பஸ் ஏறுகிறோம். தலைக்கு இவ்வளவு என்று வசூல் செய்து, பெயிண்ட் வாசனை போகாத பெட்டியை வாங்கி வருகிறோம். ரிப்போர்ட்டும் அங்கேயே கிடைக்கும், பெயரை மட்டும் மாற்றினால் போதும். எங்கள் செர்வோ கருகியபோது எங்கள் குழுவிலும் இரண்டு பேர் 'பேசாம வாங்கிரலாம்டா' என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு எனக்கும் அந்த எண்ணம் வந்தது. வாங்கியிருந்தால் மார்க் இன்னும் கூடுதலாகவே வந்திருக்கும். ஆனால் 11‑க்கும் 14.4‑க்கும் உள்ள வித்தியாசம் எனக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது. கல்லூரி தரப்பிலும் ஒரு வேண்டுகோள்: கருகிப்போன மோட்டாருக்கும் மார்க் போடுங்கள் சார். ஏன் கருகிற்று என்று கணக்கோடு சொல்ல முடிந்தால் போதாதா?

எங்கள் மாடல் இப்போது வொர்க்ஷாப் ஸ்டோர் ரூமில், பழைய ஷேப்பிங் மெஷினுக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. வைப்பர் மோட்டார் நன்றாக ஓடுகிறது. மரைக் கம்பிக்குக் கிரீஸ் வைத்திருக்கிறோம். அடுத்த வருஷம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லிவிட்டோம். அதோடு ஆறரை அங்குல பி.வி.சி. கேசிங் குழாய் ஒன்றும் இரண்டு மீட்டர் நீளத்துக்கு வாங்கி நிறுத்தி வைத்திருக்கிறோம். தலையும் கையும் காலும் எதுவும் வேண்டாம். முதலில் அந்தக் குழாய்க்குள் இறங்கி, அடியில் வைத்திருக்கும் மணல் பையை, கிழிக்காமல், மேலே கொண்டுவாருங்கள். நாங்கள் நாலு தடவை முயன்றோம். மூன்று தடவை பை கிழிந்தது. நாலாவது தடவை எந்திரமே உள்ளே சிக்கிக்கொண்டது. அதை வெளியே எடுக்கத்தான் குழாயில் ஒரு பக்கம் அறுத்திருக்கிறோம். கம் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.